கோட்டுப் பையில் ஒன்பது நாள்

மாவடு ஜாடி லண்டனில் இறங்குவதற்குள்ளேயே உடைந்திருந்தது. அம்மா அதைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, போதாக்குறைக்கு என் புதுக் கம்பளிக் கோட்டையும் சுருட்டி அணை கொடுத்திருந்தாள். ஜாடிக்குக் காவல் வைத்த கோட்டு உப்புத் தண்ணீர் மொத்தத்தையும் குடித்துவிட்டது. சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார், மூக்கைச் சுளித்தார், "இது என்ன?" என்றார். மருந்து என்றேன். நீங்கள் யார் என்றார். டாக்டர் என்றேன். பெட்டியை அவசரமாக மூடி அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். அந்த நாட்டில் நான் சொன்ன முதல் பொய் அது. அடுத்த பொய்யைச் சொல்ல நாலு மாதம் ஆயிற்று.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய், ரத்த நோய் ஆகியவற்றுக்கென்றே டாக்டர்களைப் பழக்கும் ஆறு மாதப் பயிற்சி அது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு தொழில் நகரத்தில், குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது. எழுபதுகளின் நடுவில் நம் பக்கத்தில் அதற்கென்று தனியாகப் படித்தவர்கள் மிகக் குறைவு. திருத்தணி கடைத்தெருவில் ஒரு ஸ்டெதாஸ்கோப்பும் ஒரு கம்பவுண்டரும் வைத்துக்கொண்டு குழந்தை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எப்படி இடம் கிடைத்தது என்ற கதை இங்கே வேண்டாம். கிடைத்தது, போனேன். போகும்போது ஊரே ரயிலடிக்கு வந்து மாலை போட்டது. அதை நினைத்தால் இப்போதும் கழுத்து அரிக்கிறது.

முதல் நாள் வார்டுக்குள் நுழைந்ததும் ஒரு நிமிஷம் ஊருக்குத் திரும்பிவிட்டேனோ என்று தோன்றியது. உள்ளே பதினைந்து குழந்தைகள். அத்தனையும் மொட்டை. திருத்தணியில் பிறந்தவனுக்கு மொட்டைக் குழந்தை என்றால் சந்தோஷமான சமாசாரம். வேண்டுதல் நிறைவேறிவிட்டது, தலையில் சந்தனம் தடவியாயிற்று, கையில் ஊதல் வாங்கிக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே போனேன். ஒரு தாய் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது: இது மருந்தினால் உதிர்ந்த முடி. ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் மருந்து முதலில் முடியைத்தான் கேட்கும்.

இரண்டாம் நாள் சாப்பாட்டுப் பிரச்சினை ஆரம்பித்தது. மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவருக்குப் பிள்ளையாகப் பிறந்தவன் நான். புளியோதரையில் மிளகு ஒரு சிட்டிகை கூடினாலும் சொல்லிவிடுகிற நாக்கு. தங்கியிருந்த வீட்டுக்காரம்மாள் முட்டைக்கோஸை வெள்ளாவி வைப்பதுபோல வேகவைத்து, அதில் உப்பைக்கூடக் காட்டாமல் தட்டில் வைத்தாள். "மாமிசம் சாப்பிடாதவருக்காகத் தனியாகச் செய்தது" என்றாள் பெருமையாக. கோட்டை நாற்காலியில் மாட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மாவடு வாசனையாவது வந்தது.

அந்த வீட்டின் மாடி அறையில் இன்னொரு பயிற்சி டாக்டர் இருந்தாள். ஃபோலா என்று பெயர், நைஜீரியாக்காரி. ஒரு வாரத்தில் எனக்கு உயிர் கொடுத்தவள் அவள்தான். எங்கிருந்தோ காய்ந்த மிளகாய் வாங்கிவந்து தக்காளியோடு சுண்டக் காய்ச்சுவாள். ரொட்டியில் தடவிக்கொண்டு இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிடுவோம். வாய் அடங்காதவள். "உன் கோட்டு உனக்கு முன்னால் வார்டுக்குள் வருகிறது" என்பாள்.

எங்களுக்குப் பாடம் எடுத்த டாக்டர் ஹில்டா என்னைவிட நாலைந்து வயது சின்னவள். காலில் ரப்பர் செருப்பு, தலையில் பென்சில். முதல் மூன்று மாதம் புற்றுநோய். குழந்தையின் எலும்புக்குள் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பதிலிருந்து, பெற்றவர்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொல்வதுவரை கற்றுக்கொடுத்தாள். இரண்டாவதில் நான் தேறவே இல்லை. ஊரில் யாரும் யாரையும் உட்காரவைத்து ஒன்றும் சொல்வதில்லை. "பகவான் இருக்கார், பார்ப்போம்" என்று எழுந்து போய்விடுவோம்.

வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் நாங்கள் எல்லோரும் பின் வரிசைக்கு முந்துவோம். அன்று பாடம் கிடையாது. யாராவது ஒருவர் எழுந்து தான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் படித்தது, கேள்விப்பட்டது எதுவும் செல்லாது. பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை யாருடைய முறை என்று தெரியாது. தவறைச் சொல்லத் தெரியாதவர் இந்த வேலைக்கு ஆக மாட்டார் என்பது ஹில்டாவின் கட்சி. ஃபோலா தன் முறை வந்தபோது தான் மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்துவிட்ட ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொன்னாள். 'நான்' என்ற சொல்லை ஓர் இடத்திலும் விடவில்லை.

ஜூலை மாதம் ரத்தம் உறையாத நோய்க்கு வந்தோம். திங்கட்கிழமை பீட்டர் என்ற ஐந்து வயதுப் பையனைக் காட்டினார்கள். முழங்கால் பந்துபோல வீங்கியிருந்தது. அவனே எனக்குப் பாடம் நடத்தினான். "எனக்கு அடிபட்டால் ரத்தம் முதலில் நின்றுவிடும். அப்புறம் மறந்துபோய் மறுபடி வரும்" என்றான். அவன் அம்மாவிடம் ஹில்டா கேட்ட முதல் கேள்வி, "உங்கள் சகோதரர்கள் எல்லோரும் நலமா?" அவள், தன் தம்பி சிறுவயதில் பல் பிடுங்கி, ரத்தம் நிற்காமல் செத்துப்போனதைச் சொன்னாள். ஹில்டா எங்கள் பக்கம் திரும்பினாள். "தாயின் மூலம் மகன்களுக்கு வரும் நோய். ஊசி, தையல் எதையும் தொடுவதற்கு முன்னால் தாய்மாமன்களைப் பற்றிக் கேளுங்கள்."

நான் உட்கார இடம் தேடினேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஒரு காலையில் என் கிளினிக்குக்குள் ஏழுமலை ஓடிவந்தார். மலைமேல் மொட்டை போடுகிறவர், ஐம்பது வயதிருக்கும். அவர் தோளில் இரண்டு வயதுக் குழந்தை. புது மொட்டை, பாதி சந்தனம், பாதி ரத்தம். காதுக்குப் பின்னால் கத்தி லேசாகப் பட்டிருந்தது. அந்த இடத்தை ஏழுமலை துண்டை மடித்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். பின்னாலேயே அம்மையார்குப்பத்து நெசவாளி முனுசாமியும் அவர் மனைவி கமலாவும் அழுதுகொண்டு வந்தார்கள்.

"சார், கீறல்தான் சார். ஆனா நின்ன ரத்தம் மறுபடி மறுபடி வருது. இது கத்தி ரத்தம் இல்ல சார்" என்றார் ஏழுமலை.

"கையை எடுடா முதல்ல" என்றேன். என் அப்பா வயதுக்காரரை.

விரலை எடுத்தார். நான் மூன்று தையல் போட்டேன். தையல் போட்ட ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ரத்தம் கசிந்தது. கமலா ஏதோ சொல்ல வந்தாள். "எந்தம்பியும் பல்லு விழுந்து ரத்தம் நிக்காமதான் சார் போயிட்டான்." கதை சொல்லாதே என்று அவளை வெளியே நிறுத்தினேன். மூன்று நாள் கட்டுக்கு மேல் கட்டு. அழுக்குக் கத்தி, அதனால் புண் பழுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் காலை மெட்ராஸுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அரக்கோணம் தாண்டுவதற்குள் குழந்தை ரயிலிலேயே போய்விட்டது.

அந்த ரத்தத்தை நிறுத்த மெட்ராஸில் பிளாஸ்மா இருந்தது. ரயிலேறினால் இரண்டு, இரண்டரை மணி நேரம். மூன்று நாள் நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஹீமோபிலியா என்ற இந்த நோயின் பெயர் எனக்குத் தெரியாததல்ல. படிக்கும்போது அதைப்பற்றி இரண்டு பக்கம் எழுதி மார்க்கு வாங்கியவன். ராஜ குடும்பங்களில் காணப்படும் நோய் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அம்மையார்குப்பத்துத் தறி வீட்டில் ராஜாவுக்கு என்ன வேலை என்று நினைத்தேனோ என்னவோ.

குழந்தை போன அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம், "உங்க மலையில ஒருத்தன் துருப்பிடிச்ச கத்தியை வெச்சுண்டு குழந்தையைக் கொன்னுட்டான்" என்றேன். கத்தியை நான் பார்க்கவே இல்லை. அப்பா மடப்பள்ளியில் சொன்னது மறுநாள் மலை முழுக்கப் பரவியது. ஏழுமலை முன்னால் யாரும் தலையைக் கொடுக்கவில்லை. ஒரு மாதம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஹில்டா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மனசில் இருந்தது ஒரே கதைதான். எழுந்து நின்றேன். வாய் திறந்தபோது, "எங்கள் பக்கத்து ஊரில் ஒரு டாக்டர்" என்று வந்தது. மொட்டை, சந்தனம், தையல், தாய்மாமன் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆளை மட்டும் மாற்றிவிட்டேன். எல்லோரும் அந்தப் பக்கத்து ஊர் டாக்டருக்காக உச்சுக்கொட்டினார்கள். ஹில்டா பென்சிலைத் தலையிலிருந்து எடுத்தாள். "சொந்தத் தவறாக இல்லாவிட்டாலும் நல்ல பாடம். ஊருக்குப் போனதும் அவருக்கு அவசியம் சொல்லுங்கள்" என்றாள்.

திரும்பும்போது பஸ் மாடியில் ஃபோலா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழை. ஜன்னல் முழுக்க ஆவி. ஜன்னலைக் கையால் துடைத்துவிட்டுக் கேட்டாள்:

"அந்த டாக்டர் உன்னைவிடக் குள்ளமா, உயரமா?"

நான் டிக்கெட்டை எட்டாக மடித்தேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"சரி, அந்தத் தாய்க்கு வேறு மகன் உண்டா?"

உண்டு. அதை நான் எப்படி மறந்தேன் என்று எனக்கே புரியவில்லை. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு முனுசாமி தன் இரண்டாவது பையனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பத்து மாதக் குழந்தை. "தூக்குன எடமெல்லாம் நீலம் பூத்துக்கினு இருக்குது சார்" என்றார். கால்சியம் குறைவு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தேன். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "வர்ற ஆடிக் கிருத்திகைக்கு இவனுக்கு முடி எறக்கி, காது குத்தணும் சார். பெரியவனுக்குக் குத்தறதுக்குள்ளதான் அப்டி ஆயிடுச்சு." நல்லபடியாகச் செய்யுங்கள் என்று ஆசீர்வாதம் வேறு செய்து அனுப்பினேன்.

அன்றே ஒரு நீல ஏர்மெயில் காகிதத்தில் என் கம்பவுண்டர் தேவராஜுக்குக் கடிதம் எழுதினேன். அம்மையார்குப்பம் முனுசாமியின் பையனுக்கு மொட்டை போடக் கூடாது, காது குத்தக் கூடாது, ஊசி போடக் கூடாது, உடனே போய்ச் சொல். இவ்வளவும் நாலு வரியில் முடிந்துவிட்டது. ஏன் என்று அவர்கள் கேட்டால்? அந்த ஐந்தாவது வரிதான் எழுத வரவில்லை. பெரியவனுக்கும் இதே நோய் என்று எழுதினால் கத்தி பொய்யாகிவிடும். கத்தி பொய்யானால் அப்புறம் நான்தான் மிச்சம். மாலை போட்டு அனுப்பிய ஊர். கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன்.

தந்தி அடித்திருக்கலாம். அடித்தால் எங்கள் தபால் ஆபீசில் முதலில் படித்துவிட்டுத்தான் தேவராஜிடம் கொடுப்பார்கள். அதனால் அடிக்கவில்லை. இதை இப்படிப் பச்சையாக எழுதவே கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

சனிக்கிழமை கடிதத்தோடு கடைவீதிக்குப் போனேன், தக்காளி வாங்கித் திரும்பினேன். ஞாயிறு தபால் கிடையாது என்று நிம்மதியாக இருந்தேன். திங்கள் பீட்டர் வீட்டுக்குப் போனான். போகும்போது தன் முழங்காலைக் காட்டி, "பார், வீக்கம் இல்லை" என்று எனக்குக் கை கொடுத்தான். அவன் கையைப் பிடிக்கவே பயமாக இருந்தது, நீலம் பூத்துவிடுமோ என்று. செவ்வாய் ரயிலில் பக்கத்து ஊர் ரத்த வங்கியைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். உறைந்த பிளாஸ்மாவிலிருந்து ரத்தத்தை உறையவைக்கும் பொருளை எப்படிப் பிரித்தெடுப்பது என்று காட்டினார்கள். குளிர்பெட்டிகளில் வரிசை வரிசையாகப் பைகள் தொங்கின. எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பை போதுமாயிருந்திருக்கும், இரண்டு பை போதுமாயிருந்திருக்கும் என்று. திரும்பும்போது ரயில் நிலையத்தில் இறங்கக் கதவைத் திறக்கத் தெரியாமல் அடுத்த நிலையம்வரை போனேன். அந்த ஊர் ரயில் கதவுக்கு ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுத்தான் பிடியைத் திருக வேண்டும். எதிரே இருந்த கிழவர், "உங்கள் ஊரில் கதவே கிடையாதா?" என்றார். இருக்கிறது, யாரும் மூடுவதில்லை என்றேன். அவர் சிரித்தார். நான் சிரித்ததும் எனக்கே பொறுக்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சாங்கம் கையில் இல்லை. போன வருஷம் ஆகஸ்ட்டில் வந்தது நினைவிருந்தது, இந்த வருஷமும் ஆகஸ்ட் என்று வைத்துக்கொண்டேன். திருத்தணிக்காரன் கிருத்திகைக்குப் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. காவடி வந்தால் கிருத்திகை. அங்கே காவடி ஏது?

ஒன்பதாம் நாள் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டேன். கடைசி நிறுத்தம்வரை கொண்டுபோய்விட்டது. "இதற்குமேல் போகாது, எல்லோரும் இறங்க வேண்டும்" என்றாள் கண்டக்டரம்மாள். அந்த ‘எல்லோரும்’ நான் ஒருவன்தான். நின்ற இடத்தில் எங்கள் ஊரில் இருப்பதுபோலவே சிவப்பாக ஒரு தபால் பெட்டி. ஐந்தாவது வரியை அங்கேயே நின்று, பெட்டியின் தலைமேல் காகிதத்தை வைத்து எழுதினேன். 'பெரியவன் செத்தது கத்தியால் இல்லை, என்னால்.' காகிதமெல்லாம் மாவடு வாசனை. போட்டுவிட்டேன்.

எட்டு நாள் கழித்து அப்பாவின் கடிதம் வந்தது. "ஆடிக் கிருத்திகை நல்லபடியாக நடந்தது. கூட்டம் தாங்கவில்லை. படியெல்லாம் பூ. பிரசாதம் மூன்று தரம் வடித்தோம்" என்று எழுதியிருந்தார். தேதியைப் பார்த்தேன். கிருத்திகை அன்று என் கடிதம் கடலைக்கூடத் தாண்டியிருக்காது. பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாவுக்கு எப்படித் தெரியும்? விசாரித்து எழுதலாம். எழுதவில்லை. தெரியாத வரைக்கும் பையன் உயிரோடுதான் இருக்கிறான் என்று ஒரு கணக்கு. ஃபோலா அந்த வாரம் காய்ச்சிய மிளகாய்க் குழம்பு எனக்கு உறைக்கவே இல்லை.

செப்டம்பரில் ஊர் திரும்பினேன். மெட்ராஸிலிருந்து திருத்தணி ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் அரக்கோணத்திலிருந்து நின்றுகொண்டே வந்தேன். குழந்தை உயிர் விட்ட இடம் எது என்று தெரியாமலே அதை ஜன்னலில் தேடிக்கொண்டே.

கிளினிக் பூட்டியிருந்தது. சாவியைப் போட்டுத் திறந்தால் கதவடியில் நீலக் காகிதம். பிரிக்காத காகிதம். தேவராஜ் இரண்டு மாதம் முன்பே மாமியார் ஊருக்குப் போய்விட்டானாம், தபால்காரர் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். எடுத்து முகர்ந்து பார்த்தேன். இன்னும் மாவடு வாசனை போகவில்லை. ஒன்பது நாள் வைத்துக்கொண்டிருந்தாலும், ஒரே நாளில் போட்டிருந்தாலும் இது இந்தத் தரையில்தான் கிடந்திருக்கும். ஒரு நொடி மனசு லேசாயிற்று. அப்படி லேசானதற்கும் சேர்த்துத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அம்மையார்குப்பம் போகிற ஆர்.கே. பேட்டை பஸ் வழியில் இரண்டு தரம் நின்றது. டிரைவர் இறங்கி டயரை உதைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாள் பலாச்சுளையைப் பிட்டுப் பிட்டு என்னிடம் நீட்டினாள். ஆறு மாதமாகக் கனவில் சாப்பிட்ட பழம். வாங்கிப் பக்கத்திலிருந்த பையனிடம் கொடுத்துவிட்டேன்.

அம்மையார்குப்பத்தில் இறங்கியதுமே தெரு முழுக்கத் தறிச் சத்தம். முனுசாமி வீட்டு வாசலில் ஒரு குழந்தை நூல் சுற்றும் பாவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. தலை நிறையச் சுருட்டை முடி. காதில் ஒன்றும் இல்லை. நெற்றியில் மட்டும் மூன்று கொத்து முடி குட்டையாக வெட்டியிருந்தது. நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அய்ய, டாக்டர் சாரு! எப்ப சார் வந்தீங்க? உள்ள வாங்க" என்று கமலா ஓடிவந்தாள். முனுசாமியும் தறிக் குழியிலிருந்து எழுந்து வந்தார்.

"மொட்டை போடலையா?" என்றேன்.

"இல்ல சார். பூமுடிதான் குடுத்தோம். கத்திரிக்கோலால மூணு கொத்து. காதும் குத்தல." கமலா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அந்த ஏழுமலைதான் சார். கிருத்திகைக்கு ஒரு மாசம் இருக்கும்போதே வந்தாரு. புள்ள ரத்தம் வேற மாதிரி, உன் தம்பி, உன் பெரிய புள்ள, எல்லாம் ஒரே ரத்தம், கத்தி வேணாம்னாரு. டாக்டரே கத்தின்னு சொல்லிட்டாரு, நீ தப்பிச்சிக்கப் பாக்கிறியான்னு பாவா அடிக்கப் போயிட்டாரு." பாவா என்று அவள் சொன்னது முனுசாமியை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்புறம்?"

"கிருத்திகைக்கு மூணு நாளு முன்ன மறுபடி வந்தாரு. வாசல்லயே விழுந்தாரு சார், எங்க கால்ல. ஆங், என் கத்திதான், என் கையாலதான் போச்சு, ஒத்துக்கறேன். அந்தப் பாவம் தீர, உங்க வூட்டுப் புள்ள தலைல இனிமே கத்தி படக்கூடாதுன்னு முருகன்கிட்ட வேண்டிக்கினேன். என் வேண்டுதல ஒடச்சிடாதீங்கன்னு அழுதாரு. வேண்டுதல்னு சொன்னப்புறம் இன்னா சார் பண்றது? சரின்னுட்டோம்."

உண்மையைச் சொன்னபோது அவரை யாரும் நம்பவில்லை. ஏனென்றால் நான் வேறொன்றைச் சொல்லி வைத்திருந்தேன். அதனால் அவர் என் பொய்யையே எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறார்.

சொன்னேன். ஹில்டா கற்றுக்கொடுத்ததுபோல இருவரையும் உட்காரவைத்து, ஆரம்பத்திலிருந்து, 'நான்' என்ற சொல்லை விடாமல் சொன்னேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப அவரு மேல தப்பு இல்லியா?" என்றாள் கமலா.

"இல்லை."

"பெரியவன மூணு நாளு முன்னயே பட்டணம் கொண்டுபோயிருந்தா?"

"பிழைச்சிருப்பான்."

முனுசாமி எழுந்து உள்ளே போய்விட்டார். கமலா அழவில்லை. குழந்தையின் முடியை விரலால் கோதிக்கொண்டே இருந்தாள். பிறகு, "இத அவருகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லை."

"அவரு எங்க கால்ல விழுந்தப்ப நாங்க கால இழுத்துக்கினோம் சார். மொதல்ல அங்க போயி சொல்லுங்க. புள்ளைக்கு இன்னா பண்ணணும்னு அப்பறமா வந்து சொல்லுங்க."

திரும்பி வந்து கிளினிக் காகிதத்தில் எழுதினேன். குழந்தை இறந்தது ரத்தம் உறையாத நோயால், தவறான வைத்தியத்தால், ஏழுமலையின் கத்தியில் குற்றமில்லை என்று கையெழுத்துப் போட்டேன். மலையடிவாரக் குளக்கரையில் வேப்பமரத்தடியில் அவர் ஒரு பலகையும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் யாரும் இல்லை. எதிரே இருந்த பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி, காகிதத்தைக் கொடுத்தேன். மலையில் அப்பா உட்பட ஒவ்வொருவரிடமும் நானே படித்துக்காட்டுகிறேன் என்றேன். அவர் அதைப் பிரிக்காமல் கத்திப் பெட்டிக்குள் வைத்தார்.

"சின்னது நல்லாக்கீதா சார்?"

"நல்லா இருக்கான். அடுத்த வாரம் மெட்ராஸ் கூட்டிப்போறேன்."

"அது போதும்." கத்தியைத் தோல்வாரில் இரண்டு இழுப்பு இழுத்தார். "சீமைல ஆறு மாசம் இதத்தான் படிச்சீங்களா சார்? அந்த மாரி ரத்தம் வந்தா அங்க மொதல்ல இன்னா பண்ணுவாங்க? எனக்குச் சொன்னீங்கன்னா நாலு பேருக்குச் சொல்லுவேன்."

இதற்காவது என்னிடம் பதில் இருந்தது. ஆர்வமாகவே சொன்னேன். தையல் போடக் கூடாது. முதலில் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். விரலை எடுக்கவே கூடாது. பிடித்தபடியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

ஏழுமலை தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"மலைலேர்ந்து எறங்கற வரிக்கும் அப்டித்தான் சார் புடிச்சிக்கினு வந்தேன். ரத்தம் நின்னுக்கினுதான் இருந்துச்சு. நீங்கதான் கைய எட்றான்னீங்க."

படியிறங்கி வந்த ஒருவர் சவரத்துக்கு நின்றார். நான் உட்கார்ந்திருந்தது வருகிறவர்களுக்கான பலகை. எழுந்து இடம் விட்டேன்.